ஆறு வயதில் முளைக்கும் பல்

1

நம் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் போன மாதம் எனக்கு எழுதியிருந்தார். மலாயாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைச் சர்க்காரே பார்த்துக்கொள்கிறதாமே, நீங்களும் அந்த வேலையில்தான் இருக்கிறீர்களாமே, சித்தூர்த் தாய்மார்களுக்குப் பயன்படும்படி ஒரு கட்டுரை அனுப்புங்கள் என்று. பயன்படும்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதில் பயன் எவ்வளவு இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், நம் ஊர்க் கம்பவுண்டர் மாதிரி. நான் பல் தாதி. இங்கே நர்ஸைத் தாதி என்பார்கள். காலையில் ஏழரை மணிக்குப் பள்ளிக்குப் போவேன். ஒரு சிறிய அறை, ஒரு நாற்காலி, காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவி. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அழைத்து வாயைப் பார்த்து, சொத்தை பொட்டளவு இருக்கும்போதே அடைத்துவிடுவது என் வேலை. பல்லைப் பிடுங்குவது தோல்வி என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பள்ளியின் ஆண்டு விழா. தலைமையாசிரியர் என்னை மேடைக்கு அழைத்து மாலை போட்டார். "இந்த வருஷம் நம் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக்கூட நிலைப்பல்லைப் பிடுங்கவில்லை. எஸ்தர் தாதிக்கு எல்லாரும் கை தட்டுங்கள்" என்றார். தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் என் மகள் சலோமி உட்கார்ந்திருந்தாள். அவளும் தட்டினாள். பிறகு போட்டோ எடுக்க அவளையும் மேலே கூப்பிட்டார்கள். போட்டோக்காரர் நல்ல மனுஷர். "பல் தாதியின் மகள் பல் தெரியச் சிரிக்க வேண்டாமா?" என்று கேட்டார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டது.

அவளுக்கு நிலைக் கடைவாய்ப்பல் நான்கு கிடையாது. மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்து கறுத்திருக்கிறது. வயது பதிமூன்று.

2

சலோமி பிறந்தது என் தாய்வீட்டில், திருத்தணிப் பக்கம் விஜயபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில். அவளுக்கு ஐந்து வயதானபோது எனக்கும் அவளுக்குமாகச் சேர்த்து மலாயாவுக்கு அனுமதி வந்தது. கணவர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது குழந்தைக்கு மணல்வாரி அம்மை போட்டுவிட்டது. அந்த நிலையில் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நான் நின்றுவிட்டால் கெடு தாண்டி என் அனுமதியும் போய்விடும். மலாயாவில் புதுச் சட்டம் வருகிறது, இனி யாரையும் லேசில் உள்ளே விடமாட்டார்கள் என்று எல்லாரும் பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம்.

என் நாத்தனார் கிருபை அக்கா திருப்பதியில் இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு அங்கே ரயில்வேயில் வேலை. பிள்ளைகள் இல்லை. செய்தி கேட்டு ஓடி வந்தவர் சொன்னார்:

"நீ போம்மா எஸ்தரு. அடுத்த கப்பல்ல சபைக்காரங்க யாராச்சும் போவாங்க, கூட அனுப்பி வச்சிடறோம். புள்ள என்னா ரோட்லயா கெடக்குது? நான் வச்சிக்கினு இருக்கமாட்டனா?"

அடுத்த கப்பல் என்றால் ஒரு மாதம். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அந்த வருஷம்தான் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அதோடு போனது. குழந்தையின் பழைய அனுமதி காலாவதியாகி, புதிதாகக் கேட்டபோது, பிறப்புச் சான்றும் புதிதாக வேண்டும், சென்னை சர்க்காரின் பழைய முத்திரை போதாது என்று சொல்லிவிட்டார்கள். கிருபை அக்காவின் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தார். ஒவ்வொரு நடைக்கும் எனக்கு ஒரு கடிதம் எழுதுவார். ஒரு கடிதத்தில் அங்கிருந்த கிளார்க் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்:

"மீ ஊரு ஏ ராஷ்ட்ரமோ இங்கா தேலலேது. உங்க ஊரு எந்த ராஜ்யம்னு முடிவாவல சார். ரிஜிஸ்டரு இங்க இல்ல. எல்லை முடிவானா வாங்க."

எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டால், "நீங்கள் ஆந்திரா ஆயிற்றே, அங்கே கேளுங்கள்" என்றார்களாம். பெரியவர்கள் மேடையில் திருத்தணி யாருக்கு, திருப்பதி யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகளின் பெயர் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் எந்த மேஜையடியில் கிடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நாலு வருஷம் கழித்து ஒரு சான்று கிடைத்தது. தெலுங்கில் இருந்தது. அதில் சலோமி என்ற பெயர் சாலம்மா என்றாகியிருந்தது. மலாயா விண்ணப்பத்தில் சலோமி, சான்றில் சாலம்மா. இவள் வேறு, அவள் வேறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்தக் கொடுத்த மனு எங்கே போய் உட்கார்ந்ததோ, எல்லை முடிவாகிற வரைக்கும் அசையவில்லை. எல்லாம் முடிந்து அவள் கப்பல் ஏறியபோது வயது பன்னிரண்டு.

ஏழு வருஷம் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். என் தொழிலில் அதற்கு வேறு கணக்கு உண்டு. தாய்மார்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒன்றும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். சொத்தையானால் போகட்டும், வேறு முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது முளைக்காது. சாகிற வரைக்கும் அதுதான். அடுத்த கடைவாய்ப்பல் பன்னிரண்டு வயதில் வரும். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தையின் வாயைப் பார்க்க ஆள் வேண்டும்.

3

வந்த புதிதில் எனக்கு இங்கே வேலையில்லை. தோட்டத்து லைன் வீடுகளில் பிள்ளைகள் சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கணவர்தான் பினாங்கில் பல் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் வாங்கி வந்தார். நேர்முகத் தேர்வில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்டார்: "பார்த்துக்கொள்ள வீட்டில் குழந்தை இருக்கிறதா?"

"இங்கே இல்லை" என்றேன்.

அப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது.

பயிற்சிக்குப் போகுமுன்பே நான் சலோமிக்கு மிட்டாய் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போகிறவர்கள் யார் அகப்பட்டாலும் ஒரு டின் கொடுத்து அனுப்புவேன். தகர டப்பா, மேலே பூப்படம், உள்ளே பளபளப்புத் தாள் சுற்றிய பால் மிட்டாய். பல்லில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் கரையாது. பயிற்சியில் அந்த மாதிரி மிட்டாயைத்தான் முதல் பாடமாக மேஜைமேல் வைத்துக் காட்டினார்கள். அன்றைக்கே கிருபை அக்காவுக்கு எழுதினேன்: இனி மிட்டாய் வராது, இருப்பதையும் கொடுக்காதீர்கள், பிரஷ்ஷும் பேஸ்ட்டும் அனுப்பியிருக்கிறேன், படுக்கப் போகுமுன் தேய்க்கச் சொல்லுங்கள்.

பதில் வந்தது. "புள்ள டப்பாவைத் தலமாட்டுல வச்சிக்கினு தூங்குது எஸ்தரு. காலி டப்பாவைக்கூட யாருக்கும் தரமாட்டேன்னுது. அதையும் நிறுத்திட்டா உன்னை எத வச்சி ஞாபகம் வச்சிக்கும்? பிரஷ்ஷு நல்லா இருக்குது. கண்ணாடி அலமாரியில வச்சிருக்கேன், வர்றவங்க எல்லாம் பாத்துட்டுப் போறாங்க."

நான் அந்தக் கடிதத்தைப் பல நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு டின் வாங்கி அனுப்பினேன். அதற்குப் பிறகும் அனுப்பினேன். பகலில் மற்றவர்கள் பிள்ளைகளிடம் மிட்டாய் வேண்டாம் என்று பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் சீனன் கடையில் டின்னைத் தேடித் தேடி வாங்கினேன். முன்னே தெரியாமல் அனுப்பினேன். இப்போது தெரிந்தே அனுப்பினேன். இந்தக் கட்டுரையை மூன்று தடவை கிழித்தது இந்த வரியை எழுத முடியாமல்தான்.

அதற்கு ஈடுகட்டுவதுபோல் கடிதம் எழுதினேன். மாதம் இரண்டு, நேராகச் சலோமி பேருக்கே. மிட்டாய் தின்றால் உடனே வாய் கொப்பளி. சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னு, நடுவில் தின்னாதே. செங்கல் பொடியால் தேய்க்காதே. பின்பல்லில் கறுப்புத் தெரிந்தால் அத்தையிடம் சொல். பல்லின் படம்கூடப் போட்டு அனுப்பினேன். ஏழு வருஷத்தில் நான் அவளுக்கு எழுதியதெல்லாம் ஒரு பாடப்புத்தகம் அளவு இருக்கும்.

அவளிடமிருந்து பதில் தெலுங்கில் வரும். அவள் படித்த பள்ளியில் தமிழ் இல்லை. எனக்குத் தெலுங்கு பேசத் தெரியும், படிக்க வராது. தோட்டத்தில் ஒரு தெலுங்குக் கங்காணி இருந்தார், அவர் படித்துச் சொல்வார். எல்லாக் கடிதத்திலும் ஒரே செய்திதான். பாகுன்னானு. நன்றாயிருக்கிறேன்.

4

பினாங்குத் துறைமுகத்தில் அவள் இறங்கியபோது எனக்கு அடையாளம் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அவள் தன் நைனாவை, என் கணவரைத்தான், முதலில் பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள். என்னைவிட நாலு விரல்தான் குள்ளம். நான் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "சிரி, பார்க்கலாம்" என்றேன்.

கொஞ்சலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பள்ளி திறப்பதற்கு முன் அவளை என் அறைக்கு அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். வாயைத் திறக்கமாட்டேன் என்றாள். திறக்கவைத்தேன். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஆறு வயதுப் பல் நான்கும் இருக்கவேண்டிய இடம் வெறும் ஈறாகக் கிடந்தது. பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாயத் தொடங்கியிருந்தன.

"எப்போ பிடுங்கினாங்க?"

"மொதல்ல ரெண்டு. ஒம்பது வயசுல. மொகம் இம்மாம் பெருசா வீங்கிச்சி. காய்ச்சல். கிராம்பு வச்சாங்க, உப்புத் தண்ணி ஊத்தினாங்க. நொப்பி தாங்கல. ஜட்கா வச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனாங்க. அப்புறம் மத்த ரெண்டு."

"ஏன் எனக்கு எழுதல?"

"அத்த சொன்னாங்க, தூரத்துல இருக்கிறவங்களுக்கு எதுக்கு வேதனைன்னு. இது பால் பல்லுதான், விழுந்தா வேற வரும்னாங்க. நான் கண்ணாடியில பாத்துக்கினே இருந்தேன்மா. வரல."

நான் வேறென்ன கேட்டேன், என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பல் அட்டையை எடுத்து ஒவ்வொரு பல்லுக்கும் நேராகக் குறி போட்டேன் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. நான்கு பெருக்கல் குறி. நாற்காலியிலிருந்து இறங்கும்போது அவள் சொன்னாள், "என்னப் பாக்கறதுக்கு முந்தி என் பல்லப் பாத்துட்ட."

தமிழ் படிக்கத் தெரியாததால் அவளை இங்கே மூன்றாம் வகுப்பில் போட்டார்கள். தோளுயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். ஒரு நாள் வயிற்றுவலி வந்து, வலி என்பதைத் தெலுங்கில் டீச்சரிடம் "நொப்பி" என்று சொல்லிவிட்டாளாம், அதற்குப் பிறகு நொப்பி என்பதே அவளுக்குப் பட்டப்பெயர். பிடிவாதக்காரி. ஒரே வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து, ஆறாம் வகுப்புக்கு ஏறிவிட்டாள். பரவாயில்லை, இது ஒன்றாவது நல்லபடி நடந்ததே என்று நான் பெருமைப்பட்டேன். எதற்காக அவ்வளவு வேகமாகப் படித்தாள் என்று நான் கேட்கவில்லை.

5

ஆண்டு விழா முடிந்து வீட்டுக்கு வந்தோம். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தேநீர் போட்டேன். சலோமி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதக்கட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். நான் எழுதிய கடிதங்கள். ஒன்று விடாமல் தேதிப்படி அடுக்கி, நாடாவால் கட்டியிருந்தாள்.

"எல்லாத்தையும் படிச்சிட்டேன்" என்றாள்.

"நல்லதாப் போச்சு. எவ்வளவு சொல்லியிருக்கேன் பார்த்தியா? ஒண்ணாவது கேட்டிருந்தா..."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. அத்ததான் படிச்சிக் காட்டுவாங்க. ஒவ்வொரு லெட்டர்லயும் கடைசியில, 'என் கண்ணு சலோமிக்கு ஆயிரம் முத்தம்'னு வரும். நேத்து கனவுல நீ வந்த, உனக்குத் தல வாரி விட்டேன்னு வரும். மழ பேஞ்சா உன் ஞாபகம்தான்னு வரும். அத்த படிக்கும்போது நான் அழுவேன். அத்தயும் அழுவாங்க." கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாக என் பக்கம் தள்ளினாள். "அது எங்கம்மா இருக்குது? எல்லாத்தையும் பாத்துட்டேன். ரெண்டு தடவ பாத்தேன். பல்லு, பிரஷ்ஷு, வாய் கொப்பளி. இதான் இருக்குது. எங்க இருக்குது அது?"

என் கணவர் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

நான் ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். 'அன்புள்ள சலோமிக்கு' என்று தொடங்கி, 'இப்படிக்கு அம்மா' என்று முடிந்திருந்தது. நடுவில் கீழ்த்தாடையின் படம். கோடு கோணாமல் ரொம்ப நேர்த்தியாகப் போட்டிருந்தேன்.

உன் பல் கெட்டுவிடக் கூடாது என்று எழுதியதும் பாசம்தானே என்று அவளிடம் வாதாடலாம். வாதாடினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அந்த அம்மாவப் பாக்கத்தான் கப்பல் ஏறினேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

6

கிருபை அக்காவுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். குழந்தையைக் காப்பாற்ற நான் எழுதியதையெல்லாம் விழுங்கிவிட்டு, எழுதாததைப் படித்தீர்களே, உங்களுக்கு யார் அந்த உரிமை கொடுத்தது என்று கேட்டேன். கடைசியில், என்னை மீறி இன்னொன்றும் எழுதினேன்: நான் சொன்னதாக அவளிடம் என்னென்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறவரை எழுதுங்கள்.

பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று.

"நான் பொய் படிச்சேன்னு புள்ள சொல்லிச்சா? பொய்தான். புள்ள என் வாயைப் பாத்துக்கினு உக்காந்திருக்குது. நீ எழுதினது மருந்துச் சீட்டு மாதிரி இருக்குது. அதையா படிச்சிக் காட்டுவேன்? உன் மனசுல என்னா இருந்திருக்கும்னு நெனச்சேனோ அதச் சொன்னேன். என்னென்ன சொன்னேன்னு கேட்டா எனக்கு எங்க ஞாபகம்? அன்னன்னைக்கி வாயில வந்தது. ஆனா பல்லப் பத்தி எழுதினதையும் சேத்துப் படிச்சிருக்கணும். அது என் தப்புதான். மொகம் வீங்கின அன்னைக்கே தெரிஞ்சிக்கினேன். உனக்கு எழுத தைரியம் வரல. இப்ப புள்ள துன்றாளா? எந்தப் பக்கம் மெல்லறா?"

கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாப்பாட்டில் கவனித்தேன். முன்பல்லால் எலியைப்போலக் கொறித்துக் கொறித்துத் தின்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேலாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இந்த மாதம் அவளுக்குப் பன்னிரண்டு வயதுப் பல்லில், கீழே வலது பக்கம், ஒரு புள்ளி தெரிந்தது. அவளேதான் கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள். பள்ளிக்கு வா, பத்து நிமிஷத்தில் அடைத்துவிடுகிறேன் என்றேன்.

"நீ வேணாம்" என்றாள். "வேற யாராச்சும் பாக்கட்டும்."

பக்கத்து ஊரில் லிம் என்று ஒரு சீனப் பெண், என்னோடு பயிற்சி பெற்றவள். பஸ்ஸில் அவளிடம் கூட்டிப் போனேன். லிம் என் தோளைத் தட்டி வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். அங்கே இரண்டு மூன்று தாய்மார்கள் இருந்தார்கள். ஒருத்தி என்னிடம், "தாதி கோபக்காரியா?" என்று கேட்டாள். இல்லை, நல்லவள் என்றேன். உள்ளேயிருந்து துளைக்கருவியின் சத்தம் வந்தது. அது நின்றதும் பேச்சுச் சத்தம். மலாய் கொஞ்சம், தமிழ் கொஞ்சம். பிறகு சலோமி சிரித்தாள். வீட்டில் நான் கேட்டிராத சிரிப்பு. வாயைத் திறந்து சிரித்தால்தான் அப்படிக் கேட்கும்.

லிம் வெளியே வந்து, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், இந்தப் பல் கிழவியாகிறவரை இருக்கும் என்றாள். "நன்றாகப் பேசுகிறாள் உன் மகள்" என்றும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் சலோமி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். மரத்துப்போயிருந்த உதட்டோடு "லேது" என்றாள், இல்லையாம். கொஞ்ச தூரம் போனதும் தூங்கிவிட்டாள். தலை சாய்ந்து என் தோளில் பட்டது. ஊசியின் மரப்பு இன்னும் விடாததால் வாய் தானாகத் திறந்திருந்தது. வெயில் நேராக உள்ளே விழுந்தது. கொஞ்சம் குனிந்தால் போதும், லிம் அடைத்த பல்லையும், மற்றதையும் நன்றாகப் பார்த்துவிடலாம்.

நான் குனியவில்லை. வீடு வருகிறவரை அவள் தலைமுடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வகிடு கோணலாக எடுத்திருந்தாள்.